வாசலில் கழற்றிய செருப்பு

ஷார்ஜாவில் சஜா தொழிற்பேட்டையைத் தாண்டினால், வாகனங்களை நிறுத்தி வைப்பதற்கென்றே ஒரு மணல் வளாகம் இருக்கிறது. தார்ப்பாய் போர்த்திய படகுகள், காற்று இறங்கிய வண்டிகள், பல காலமாக யாரும் திறக்காத கதவுகள். வரிசையின் கடைசியில் அந்தக் கேரவன் நின்றது. வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் வெளுத்துப்போன நீலக் கோடு. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வகை.

மணிமாறன் அத்தான் அதைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். அக்கா டயரைப் பார்க்கவில்லை. கதவுக்குக் கீழே இருந்த மடக்குப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசப்படி இருக்கு" என்றாள்.

அவள் குரலில் இருந்தது எனக்குப் புரிந்தது. கல்யாணமாகி துபாயில் கராமாவுக்கு வந்த நாளிலிருந்து உமாராணி அக்கா தனி வீட்டில் இருந்ததில்லை. எங்கள் ஃபிளாட்டில் இரண்டு குடும்பங்கள். சமையலறையில் பாதி அலமாரி எங்களுக்கு, பாதி கேரளத்து நஸீஹா குடும்பத்துக்கு. குளியலறைக்கு முறை. வேதியியல் படித்துவிட்டு, ஆய்வக வேலை தேடி விசிட் விசாவில் வந்த நானும் அந்தப் பாதிக்குள் வந்து சேர்ந்துகொண்டேன். குளிர்காலத்தில் விடுமுறைதோறும் கேரவனை எங்காவது கடற்கரைக்கு இழுத்துப் போகலாம், மகிழா மணலில் ஓடட்டும் என்பது அத்தானின் கணக்கு. மகிழா அவர்கள் மகள். கே.ஜி. படிக்கிறாள். பிறந்ததிலிருந்து ஏழாவது மாடியிலேயே வளர்ந்தவள்.

விற்றவர் ஆனந்தராசா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தோடு கனடா போகிறாராம். அடுப்பு, ஃபிரிட்ஜ், மேசையை மடக்கினால் விரியும் படுக்கை எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார்.

"ஒரு பிழையும் இல்லை, தம்பி. ஒண்டே ஒண்டு. செருப்பை வெளியில கழட்டி விடாதேங்கோ. உள்ளுக்கு எடுத்து வையுங்கோ."

"ஏன் சார்?"

"தேள். மணலுக்குள்ள கனக்க இருக்கு. செருப்புக்குள்ள பூந்திடும்."

நியாயமான பதில். தேள் இருட்டான இடுக்கைத் தேடித்தான் போகும். நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மணலைப் பார்க்கவில்லை. தூரத்தில் தங்கள் காருக்குப் பக்கத்தில் நின்ற தன் மகளைப் பார்த்தார்.

அந்தப் பெண் மதுஷாவுக்கு மகிழாவைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு மிக ஒழுங்காக நின்றாள். அவள் அம்மா சிவகொழுந்து கேரவன் பக்கமே வரவில்லை. ஆண்கள் கையெழுத்துப் போட அலுவலக அறைக்குப் போனபோது மட்டும் என்னிடம் நடந்து வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் பிள்ளையின்ர சித்தியோ?"

தலையாட்டினேன்.

"இதை வீடு எண்டு நினையாதேங்கோ. வாகனம். வெறும் வாகனம் எண்டு மட்டும் நினைச்சுக்கொள்ளுங்கோ."

ஏன் என்று கேட்க நினைத்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு வார்த்தை உடனே வராது. கேள்வியை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் மதுஷா வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுவிட்டாள். சிவகொழுந்து சற்று நகர்ந்தார். இருவருக்கும் நடுவே இன்னொரு பிள்ளை நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்.

அதை நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வளாகத்தில் பால் காய்ச்சினோம்.

"வண்டிக்கு எலுமிச்சம்பழம் போதும், உமா. பாலெல்லாம் எதுக்கு?" என்றார் அத்தான்.

"அடுப்பு இருக்கு, படுக்க இடம் இருக்கு, வாசப்படி இருக்கு. பெறகு வீடு இல்லாம என்னவாம்?"

கடைசியில் இரண்டும் நடந்தன. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், உள்ளே கேஸ் அடுப்பில் பால். விளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் எல்லாம் அக்கா கொண்டு வந்திருந்தாள். பால் பொங்கி வழிந்தபோது அவள் முகத்தில் நான் ஊரில் பார்த்த சிரிப்பு இருந்தது. துபாய் வந்த பிறகு அதைப் பார்த்ததில்லை.

ஆனால் கூப்பிட்டவர்கள் யாரும் வரவில்லை. ஒருவருக்கு டியூட்டி, இன்னொருவருக்குக் காய்ச்சல். காகிதக் கோப்பைகளில் பால் ஊற்றி வரிசையாக வைத்துவிட்டு அக்கா நின்றாள். சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது.

"ஆளே வராமப் பால் காச்சுனா வீடு வெளங்குமா? ஏட்டி பானு, நீயாவது யாரையாவது கூப்பிடு."

எனக்கு யாரைத் தெரியும்?

"வந்தவங்கள வாங்கன்னு சொல்லவே இவளுக்கு வாய் வராது. இதுல கூப்பிடப் போறாளாக்கும். இவளுக்கும் சேத்து நானே கூப்பிடுதேன்."

மஞ்சள் ஈரம் காயாத கையோடு அவள் வாசற்படியில் வந்து நின்றாள். எதிரே ஆளில்லாத வளாகம். மூடிய படகுகள், மூடிய வண்டிகள்.

"வாங்க" என்றாள் உரக்க. "எல்லாரும் உள்ள வாங்க. வந்து பால் குடிச்சிட்டுப் போங்க."

"மெதுவாட்டி. அந்தப் படகெல்லாம் எந்திரிச்சு வந்துரப் போவுது" என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தோம். மகிழாதான் அதிகமாகச் சிரித்தாள்.

நசுங்கிய எலுமிச்சம்பழங்களை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது ஒரு கோப்பை காலியாக இருந்தது. அத்தான் என்று நினைத்தேன். அவர் சர்க்கரை போடாத பால் தொடமாட்டார். மகிழா என்று நினைத்தேன். ஏடு மிதக்கும் பாலைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும்.

கோப்பையின் விளிம்பில் மணல் ஒட்டியிருந்தது.

*

முதல் பயணம் உம் அல் குவைனுக்கு. கடல் உள்வாங்கி வந்து சதுப்பாக நிற்கும் இடம். அலையாத்திப் புதர்கள், தட்டையான ஈர மணல், நீண்ட கால் பறவைகள். அக்கா அன்று மீன் குழம்பு வைத்தாள். பாதி அலமாரி இல்லை, முறை இல்லை, யாருடைய பாத்திரத்தையும் நகர்த்தத் தேவையில்லை. குழம்பு கொதிக்கும்போது முணுமுணுத்துப் பாடினாள். அத்தான் மடக்கு நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்து, கேட்டாயா என்பதுபோலக் கண்ணைக் காட்டினார்.

செருப்புகளை உள்ளே எடுத்து வைக்கப் போனேன். அக்கா தடுத்தாள்.

"பால் காச்சின வீட்டுக்குள்ள செருப்பா? வெளிய போடு."

"தேள் வரும்னு சொன்னாங்கக்கா."

"காலைல உதறிப் போட்டுக்கிடலாம்."

படிக்குக் கீழே ஒரு மிதியடி. அதில் வரிசை. அத்தானின் பெரிய தோல் செருப்பு, அக்காவுடையது, என்னுடையது, கடைசியில் மகிழாவின் மஞ்சள் சாண்டல். அவள் எப்போதும் அதை இடம் மாற்றித்தான் போடுவாள். இடது செருப்பில் வலது கால். இரண்டு வாழைப்பழங்களை முதுகுக்கு முதுகு வைத்ததுபோல, முனைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். ஒவ்வொரு முறையும் அக்கா குனிந்து மாற்றிவிடுவாள். இவள் மறுபடி மாற்றிக்கொள்வாள்.

"அதுக்கு இப்படித்தான் பிடிக்கும், அம்மா."

"செருப்பு ஒங்கிட்ட வந்து சொல்லிச்சாக்கும்."

காலையில் பனிமூட்டம். இந்த ஊரின் குளிர்காலத்தில் சில நாட்கள் அப்படி வரும். கைக்கெட்டும் தூரம் மட்டும்தான் உலகம். உப்பும் சேறும் கலந்த வாசனை. கதவைத் திறந்து படியில் நின்றேன்.

ஈர மணலில் அத்தானின் செருப்புத் தடங்கள்.

மிதியடியிலிருந்து தொடங்கி, கேரவனை ஒட்டியே சுற்றி வந்து, மறுபடி மிதியடியில் முடிந்தன. ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் அவை நின்றிருந்தன, முனைகள் சுவரைப் பார்த்தபடி. நடை குட்டையாக இருந்தது. ஒவ்வொரு அடிக்குப் பின்னும் குதிகால் இழுபட்ட கோடு. பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை நடந்தால் அப்படித்தான் இருக்கும்.

மகிழா என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவள் தலை என் கை மேல் இருந்ததால் கை இன்னும் மரத்திருந்தது.

"நீங்க ராத்திரி வெளிய போனீங்களா, அத்தான்?"

"நானா? படுத்ததுதான் தெரியும்."

மீன் பிடிக்க வந்தவன் எவனாவது போட்டுப் பார்த்திருப்பான் என்றார். தடம் வெளியிலிருந்து வரவில்லை என்று நான் சொல்லவில்லை. குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டு அக்கா பாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கார்பன் மோனாக்சைடு காட்டும் சிறிய கருவி ஒன்று வாங்கினேன். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் அந்த வாயு சேரும். தலை கனக்கும், இல்லாதது தெரியும், செய்தது மறந்துபோகும். இரண்டாவது பயணத்தில் அதைப் படுக்கைக்கு மேலே மாட்டினேன். அது ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. சாயங்காலம் ஒரு பலகையால் சுற்றிலும் மணலைச் சமமாக்கி வைத்தேன்.

மறுநாள் காலை அக்காவின் செருப்பு நடந்திருந்தது.

அதற்கு அடுத்த காலை என்னுடையது.

குதிகால் இழுபடுவது குறைந்துகொண்டே வந்தது. அக்கா தூக்கத்தில் நடக்கிறாளோ என்று சந்தேகப்பட்டேன். அவள் பாதத்தை, அவள் தூங்கும்போது, திருடியைப்போலத் தொட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அத்தான் விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகிழாவைக்கூட. ஐந்து வயதுக் குழந்தையை அப்படிப் பார்ப்பது எனக்கே பிடிக்கவில்லை.

என் செருப்பைப் போட்டுக்கொள்ளக் கால் நுழைத்தேன். வெளியே எல்லாம் பனியில் சில்லிட்டிருந்தது.

செருப்பின் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று அத்தானிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரியதிலிருந்து சின்னதுக்கு வருகிறது, அடுத்தது மகிழாவுடையது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பானு, உங்க அக்கா இப்பத்தான் சிரிக்கா. இது அவளுக்குப் பொம்ம வண்டி இல்ல. வீடு. தடத்தப் பாத்துப் பயந்து அதக் கெடுத்துராத. என்ன?"

சரி என்றேன். மகிழாவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

*

அதே சதுப்புக் கரைக்குப் போன மூன்றாவது பயணத்தில் நான் ஒன்றைச் செய்தேன். எல்லோரும் படுத்த பிறகு மஞ்சள் சாண்டலை உள்ளே எடுத்து வந்து, விளக்கு வைக்கும் அலமாரிக்குக் கீழே, துணிப்பைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மகிழாவைச் சுவர்ப் பக்கம் விட்டு நான் ஓரத்தில் படுத்துக்கொண்டேன்.

விடியும்போது அக்காவின் முணுமுணுப்பு காதில் விழுந்தது. "சாமி வெளக்குக்குக் கீழ செருப்பு. படிச்ச புள்ள செய்யுத காரியமா இது?" கதவு திறந்து மூடியது. கனவென்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

மறுபடி கண் விழித்தபோது பனி கேரவனுக்குள் வந்திருந்தது.

கதவு திறந்திருந்தது.

சுவர்ப் பக்கம் யாரும் இல்லை. அக்காவும் அத்தானும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கும்போது என்னைத் தாண்டித்தான் அவள் போயிருக்க வேண்டும்.

மிதியடியில் மஞ்சள் சாண்டல் இல்லை.

மணலில் இரண்டு வரிசைத் தடங்கள். ஒன்று சாண்டல். இன்னொன்று வெறுங்கால். இரண்டும் ஒரே அளவு. கைகோத்து நடப்பதுபோலப் பக்கம் பக்கமாகப் போயின.

அக்காவை எழுப்பக் குரல் எழவில்லை. ஓடினேன். பனிக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. காலுக்கடியில் மணல் மெல்ல மெல்லச் சேறானது. நீர் ஏறும் நேரம். ஓடைபோல ஒரு வாய்க்கால் வந்ததும் தடங்கள் பிரிந்தன. சாண்டல் இடது பக்கம், கடலை நோக்கி. வெறுங்கால் வலது பக்கம், புதர்களை நோக்கி.

நின்றேன். யோசித்தேன். படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இத்தனை நாளும் செருப்புக்கு அலைந்தது அதுதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் தனக்குச் சரியானதை எடுத்துக்கொண்டது. ஆகவே சாண்டல் போட்டிருப்பது அது. வெறுங்காலோடு நடப்பவள் மகிழா.

வலது பக்கம் போனேன்.

அலையாத்திப் புதருக்கு அருகே, தண்ணீர் விளிம்பில், அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். படுக்கும்போது போட்டிருந்த அதே பூப்போட்ட உடை. முதுகு எனக்கு.

"மகிழா."

திரும்பினாள். அவள்தான். கன்னத்து மச்சம், விழுந்த முன்பல்லின் இடைவெளி, எல்லாம்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா, சித்தி?"

தூக்கிக்கொண்டேன். உடம்பு சில்லிட்டிருந்தது. பனியில் நடந்தால் அப்படித்தான் இருக்கும். திரும்பி நடக்கும்போது, கடல் பக்கம், வெகு தூரத்தில் ஏதோ கூப்பிட்டது.

"சித்தீ..."

பறவை என்று நினைத்தேன். அங்கே நிறையப் பறவைகள்.

என் தோளில் இருந்தவள் தன் சின்னக் கையால் என் காதை மூடினாள்.

அக்கா அழுதாள், அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். பனி விலகியதும் அத்தான் சாண்டலைத் தேடிப் போனார். அதற்குள் நீர் ஏறி எல்லாத் தடமும் அழிந்திருந்தது. அன்றே கிளம்பினோம். கேரவனை வளாகத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா அதைப் பார்க்கவில்லை. அவளுக்கு மகிழா கிடைத்திருந்தாள். அது போதுமாக இருந்தது.

*

புதுச் செருப்பு வாங்கினார்கள். சிவப்பு நிறம். மகிழா அதைக் கீழே வைத்து, உற்றுப் பார்த்து, சரியாகப் போட்டுக்கொண்டாள். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

"பாத்தியாட்டி, புள்ளைக்குப் புத்தி வந்துட்டு. ஒருதரம் பயந்ததுல எல்லாம் நேராயிட்டு" என்றாள் அக்கா.

ஏடு மிதக்கும் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மகிழா கோப்பையை வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த மணல் ஞாபகம் வந்தது. வாய்க்கால் விளிம்பில், இடது பக்கம் போன சாண்டல் தடங்கள். பார்த்தேன். கவனிக்கவில்லை. அவற்றின் முனைகள் ஒன்றுக்கொன்று விலகியிருந்தன. இரண்டு வாழைப்பழங்களை முதுகுக்கு முதுகு வைத்ததுபோல.

இடம் மாற்றிப் போட்டவை.

நான் தவறான பக்கம் போயிருந்தேன்.

அதன்பின் அவளோடு ஒரே அறையில் இருப்பது கடினமாகிவிட்டது. அவள் என்னிடம் அன்பாகத்தான் இருந்தாள். அதுவும் கடினமாக இருந்தது. படுக்கையில் அவளுக்கும் எனக்கும் நடுவே நான் இடம் விட்டுப் படுக்கிறேன் என்று ஒரு காலை கவனித்தேன். இன்னொரு பிள்ளை படுக்கும் அளவுக்கு.

அந்த இடைவெளியை எங்கே பார்த்தேன் என்று உடனே தெரிந்தது.

ஆனந்தராசாவின் எண் அத்தானிடம் இருந்தது. அதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன். சிவகொழுந்து தானே கூப்பிட்டார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"பால் காய்ச்சினீங்களோ?" என்றார், எடுத்ததும்.

"ம்."

"ஆரையும் வாசல்ல நிண்டு உள்ளுக்கு வரச் சொன்னீங்களோ?"

"அக்கா சொன்னா. எல்லாரையும்."

"நானும் அப்படித்தான் கூப்பிட்டனான்" என்றார்.

"எங்ககிட்ட முழுசா ஏன் சொல்லல நீங்க?"

"சொன்னால் வாங்கியிருப்பியளோ? அந்த வண்டியை வித்தால் வீட்டுக்குள்ள இருக்கிற இதுவும் எங்களை விட்டிடும் எண்டு இவர் நினைச்சவர். செருப்பு வாசலுக்கு வந்திட்டுதோ?"

"இல்ல."

"வரும். பிள்ளை நடந்து வந்திடும், எவ்வளவு தூரம் எண்டாலும். எங்கட வாசலுக்கும் வந்தது. வாசல் வரைக்கும்தான் வரேலும். உள்ள இருக்கிற ஆள் 'வா' எண்டு சொல்லவேணும். எனக்குப் பயம். ஆர் வந்து நிக்கிறது எண்டு எனக்கு எப்படித் தெரியும்? இவர் கதவைத் திறக்காதை எண்டார்." குரல் இறங்கியது. "நான் திறக்கேல்லை, தங்கச்சி. இரண்டு நாள் அந்தச் செருப்பு அதில கிடந்தது. பிறகு இல்லை."

பின்னாலிருந்து ஒரு சிறுமியின் குரல் கேட்டது. "ஆரம்மா ஃபோன்ல?"

"ஒருத்தரும் இல்லையம்மா."

தொடர்பு அறுந்தது.

குளியலறைக் கதவைத் திறந்தேன். மகிழா வெளியே நின்றுகொண்டிருந்தாள். தன் முறைக்குக் காத்திருப்பவள்போல, கைகளைக் கட்டிக்கொண்டு, மிக ஒழுங்காக.

அக்காவிடம் சொல்லலாம். அவள் நம்பமாட்டாள். நம்பிவிட்டால் அது இன்னும் மோசம். நான் வேலை தேடிப் போவதை நிறுத்தினேன். வெளிக்கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தலைவலி என்று சொன்னேன்.

*

நேற்று மதியம். அத்தான் வேலைக்குப் போய் சைட்டில் இருந்தார். நஸீஹா குடும்பம் லீவில் ஊருக்குப் போயிருக்கிறது. பள்ளியிலிருந்து வந்தவளை என்னிடம் விட்டுவிட்டு அக்கா காய் வாங்கக் கீழே போனாள். கூடத்தில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. தரையில் படுத்து அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

காரிடாரில் நடை கேட்டது. சின்ன நடை. களைத்த நடை.

எங்கள் கதவுக்கு வெளியே நின்றது.

யாரும் தட்டவில்லை. மணியும் அடிக்கவில்லை. ஒரு பட்டி பிரியும் சத்தம். பிறகு இன்னொரு பட்டி. ரப்பர் தரையில் உரசி நகரும் சத்தம்.

செருப்பைக் கழற்றும் சத்தம்.

பென்சில் நின்றது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வெளிச்சமான நீண்ட காரிடார். யாரும் இல்லை. உப்பும் சேறும் கலந்த வாசனை மட்டும் நின்றது.

வாசலில் மஞ்சள் சாண்டல்.

ஈர மணல் அப்பியிருந்தது. ஒரு பட்டி தேய்ந்து அறுகிற நிலையில் இருந்தது. முனைகள் கதவைப் பார்த்தபடி, ஒன்றுக்கொன்று விலகி. இடதின் இடத்தில் வலது. குனிந்து ஒன்றுக்குள் விரலை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"கதவ மூடு, சித்தி."

எனக்குப் பின்னால், மிக அருகில். அவள் எழுந்து வந்த சத்தமே கேட்கவில்லை.

"யாரும் இல்லல்ல? மூடு."

நான் மூடவில்லை.

"வான்னு சொல்லிராத." பிறகு, மெதுவாக, சிரிப்போடு: "நீ சொல்லமாட்ட. ஒனக்கு வாய் வராது."

எத்தனையோ பேர் எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவரையும் நான் கூப்பிட்டதில்லை. சிரித்துவிட்டு உள்ளே ஓடியவள் நான். வெளியே நிற்பது யாரென்று எனக்குத் தெரியாது. உள்ளே நிற்பது யாரில்லை என்று மட்டும் தெரியும்.

"வா" என்றேன்.

காற்றாகத்தான் வந்தது. எனக்கே கேட்கவில்லை.

என் கையை ஒரு சில்லிட்ட கை பிடித்தது. இறுக்கியது.

"வா" என்றேன் மறுபடி. "உள்ள வா, மகிழா. சித்தி கூப்பிடுதேன். வா."

காரிடார் அப்படியே இருந்தது. எங்கோ லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

பிறகு, சாண்டலுக்கு இந்தப் பக்கம், உலர்ந்த டைல்ஸில், ஒரு சின்னப் பாதம் ஈரமாகப் பதிந்தது.

பிறகு இன்னொன்று. நிலைப்படிக்கு உள்ளே.